ஃப்ரெட்டி மெர்குரி: தீவில் பிறந்து பஞ்ச்கனியில் படித்தவரை எந்த ஆல்பத்தில் கேட்கலாம்?

போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கே சாத்தம் தீவுப் பாலத்தைத் தாண்டினால் ஹாடோ துறைமுகம். ஒரு பக்கம் 1883ல் தொடங்கிய சாத்தம் மர அறுவை மில், மறுபக்கம் சென்னைக் கப்பல். மேற்படிப்புக்காகக் கடல் தாண்டுவது அந்தமான் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதுசில்லை. கப்பலில் போனால் கரை சேர ஏறத்தாழ மூன்று நாளாகும்.

இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில் இருக்கும் சான்சிபார் தீவிலிருந்து, எட்டு வயதுப் பையன் ஒருவனும் இப்படித்தான் படிக்கக் கப்பல் ஏறினான். பெயர் ஃபரூக் பல்சாரா. பின்னாளில் உலகம் அவரை ஃப்ரெட்டி மெர்குரி என்று அறிந்தது.

இந்தியாவுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1946 செப்டம்பர் 5 அன்று ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். பல்சாரா என்ற குடும்பப் பெயரே குஜராத்தின் வல்சாட் ஊரிலிருந்து வந்தது. அப்பா பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளர். மகனை மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்.

பியானோ கற்றது, பள்ளிக் கோரஸில் பாடியது, ஃப்ரெட்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது எல்லாம் அங்கேதான். பன்னிரண்டு வயதில் நண்பர்களோடு சேர்ந்து 'தி ஹெக்டிக்ஸ்' என்ற இசைக்குழுவும் தொடங்கிவிட்டார்.

பிறகு ஏன் லண்டன்?

1963ல் சான்சிபார் திரும்பினார். அடுத்த ஆண்டே அங்கே புரட்சி வெடித்தது. குடும்பம் பெட்டியைக் கட்டிக்கொண்டு லண்டன் அருகே ஃபெல்தமுக்குப் போனது. ஹீத்ரோ விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை, ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன், கென்சிங்டன் சந்தையில் துணிக்கடை என்று நாட்கள் ஓடின. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்றால் உயிர். அவரை விதவிதமாக வரைந்து தள்ளினார்.

1970ல் பிரையன் மே, ரோஜர் டெய்லரோடு சேர்ந்து 'குயின்' குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜான் டீகன் வந்து சேர்ந்தார். அந்தச் சமயத்தில்தான் பல்சாரா போய் மெர்குரி வந்தது.

எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

பெரும்பாலானவர்கள் 1981ல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பில்தான் தொடங்குவார்கள். ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்த கணக்கில், பிரிட்டனில் 70 லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் ஆல்பம் அது. ஆனா, அதன் பிரிட்டன் பதிப்பில் 1974ன் 'குயின் 2' ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாட்டுதான் இருக்கு. என் கருத்தில், ஃப்ரெட்டியின் மிகக் கனமான இசை அந்த ஆல்பத்தில்தான் கிடக்குது.

அந்த எல்பியின் பக்கங்களுக்கு முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று பெயர் இல்லை. வெள்ளைப் பக்கம், கறுப்புப் பக்கம். கறுப்புப் பக்கத்தின் ஆறு பாடல்களும் ஃப்ரெட்டி எழுதியவை. சுமார் 20 நிமிடம், ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து ஓடும். முதல் பாட்டு டேப்பைத் தலைகீழாக ஓட்டிய சத்தத்தோடு தொடங்கும். அடுத்த பாட்டு, டேட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரிச்சர்ட் டாட் ஓவியத்தைப் பார்த்து எழுதியது. பின்னணியில் பெரிய கோரஸ் மாதிரி கேட்பது மூன்றே பேர். மெர்குரி, மே, டெய்லர் மூவரும் திரும்பத் திரும்பப் பாடி, அடுக்கடுக்காகப் பதிவு செய்தார்கள். சின்தசைசர் கிடையாது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பஞ்ச்கனிப் பள்ளியின் கோரஸ்தான் ஞாபகம் வரும். 1975ல் வந்த 'பொஹீமியன் ராப்சடி'க்கு ஒத்திகையே இதுதான் என்பேன்.

பூர்வீகத்தை ஏன் மறைத்தார்?

புகழ் வந்த பிறகு சான்சிபாரைப் பற்றியும் இந்தியாவைப் பற்றியும் அவர் பேட்டிகளில் அபூர்வமாகத்தான் பேசினார். காலத்தைப் பார்த்தால் காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஈனோக் பவல் என்ற எம்.பி. 1968ல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசி நாட்டையே சூடாக்கியிருந்தார். ஆசிய முகத்தோடு தெருவில் நடப்பதே சிக்கலான நாட்கள். அலுவலக மெயிலுக்காகப் பெயரைச் சுருக்கிக்கொண்ட நமக்கு இது புரியாத விஷயமில்லை. ஆனா, அவர் கொடுத்த விலை பெரிசு. இந்தியாவில் வளர்ந்த ஒருவர் ராக் உலகின் உச்சியில் இருக்கிறார் என்பதே இங்குள்ள பல ரசிகர்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிஞ்சது.

நோயையும் அப்படியே காத்தார். 1987ல் எய்ட்ஸ் உறுதியானது. உலகத்துக்குச் சொன்னது 1991 நவம்பர் 23 அன்று. மறுநாள் இறந்தார், வயது 45. இறுதிச் சடங்கை ஜொராஸ்ட்ரிய முறைப்படி நடத்தினார்கள். கடைசியில் ஃபரூக் பல்சாராவாகத்தான் விடைபெற்றார்.

கடைசி ஆல்பங்கள் எப்படி?

1991 பிப்ரவரியில் வந்த 'இன்யுவெண்டோ' நோயோடு பாடியது. தலைப்புப் பாட்டு ஆறரை நிமிடம். ராணுவ நடை போன்ற டிரம்ஸுக்கு நடுவே திடீரென ஸ்பானிஷ் கிட்டார் நுழையும். குரலில் தளர்ச்சி கொஞ்சமும் தெரியாது.

அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 'மேட் இன் ஹெவன்' வேற மாதிரி. அதில் ஒரு பாட்டின் கடைசிப் பகுதியைப் பாடி முடிக்க அவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. பிரையன் மே பாடி முடித்தார். சிடி முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, பெயரே இல்லாத 22 நிமிட இசை ஒன்று மூடுபனி மாதிரி பரவும். அதை வெறும் நிரப்பல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது, பாடியவர் எழுந்து போன பிறகும் அணைக்காமல் விட்ட அறை விளக்கு.

2020 ஆகஸ்டில் சென்னை–அந்தமான் கடலடி கேபிள் வந்துவிட்டது. சாத்தத்தில் இருந்தாலும் இப்போது முழு ஆல்பத்தையும் தடங்கல் இல்லாமல் ஸ்ட்ரீம் பண்ணலாம். ஷஃபிளை மட்டும் அணைச்சிட்டு, கறுப்புப் பக்கத்திலிருந்து ஆரம்பிங்க.