அண்ணியார் இட்ட அன்னம்

சென்னையில் ஏழுகிணறு என்னும் பகுதியில் வீராசாமிப் பிள்ளைத் தெரு என்று ஒரு தெரு உண்டு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், அத்தெருவின் ஒரு வீட்டில், தலைவர் வெளியே சென்றிருக்கும் வேளை பார்த்துப் பின்புற வாயிலில் ஒரு சிறுவர் வந்து நிற்பார். வீட்டு அம்மையார் ஒருவரும் அறியாதவாறு அவருக்குச் சோறிட்டு அனுப்புவார். அச்சிறுவர் அயலார் அல்லர். வீட்டுத் தலைவரின் உடன்பிறந்த இளவல். பின்னாளில் வள்ளலார் என்று உலகம் போற்றிய இராமலிங்க அடிகளே அவர். சோறிட்டவர் அவருடைய அண்ணியார் பாப்பாத்தியம்மாள்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாகப் பிறந்தவர் இராமலிங்கர். பிறந்த சில திங்களிலேயே தந்தையார் மறைந்தார். தாயார் மக்களை அழைத்துக்கொண்டு பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்திற்கும், அங்கிருந்து சென்னைக்கும் குடிபெயர்ந்தார். வாழ்க்கையின் தொடக்கமே ஓரிடத்தில் ஊன்றி நில்லாத வாழ்க்கையாக அமைந்துவிட்டது.

மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து, அதனால் கிடைத்த சிறு வருவாயில் குடும்பத்தைத் தாங்கினார். தம்பியைக் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கல்வி பயில விடுத்தார். தம்பியோ கந்தகோட்டத்தில் முருகன் திருமுன் நின்று பாடிக்கொண்டிருந்தார். சினந்த தமையனார், படிக்காத பிள்ளைக்கு இவ்வீட்டில் உணவில்லை என்று கட்டளையிட்டுவிட்டார். வரலாறு எழுதியோர் சிலர் சபாபதியாரைக் கொடியவர்போலச் சித்திரிப்பர், அது பொருந்தாது. தந்தையின் பொறுப்பைத் தோளில் ஏற்றிக்கொண்ட ஏழைத் தமையனின் அச்சமே அவருடைய சினம். ஆயினும் அந்தக் கட்டளையால் ஒரு சிறுவர் தெருவுக்கு வந்தார் என்பதும் உண்மை.

கணவரின் ஆணையை மீறவும் இயலாமல், பிள்ளையின் பசியைக் காணவும் பொறாமல் பாப்பாத்தியம்மாள் கண்ட வழியே பின்புற வாயில். ஒருநாள் மாமனாரின் நினைவுநாள். வந்தவர் அனைவரும் வடை பாயசத்துடன் உண்டு சென்ற பின்னர், அதே தந்தைக்குப் பிறந்த மகன் கொல்லைப்புறம் வந்து அமர்ந்தார். இலையில் சோறிட்ட அண்ணியாரின் கண்ணில் நீர் வழிந்தது. ஊரார் எல்லாம் உண்ட வீட்டில் நீ இவ்வாறு மறைந்து உண்ண வேண்டியிருக்கிறதே என்று அவர் வருந்த, சிறுவரின் உள்ளம் உருகிற்று. இனி வீட்டிலேயே இருந்து கற்பதாக வாக்களித்தார். தமக்கு ஓர் அறையும், ஒரு கண்ணாடியும், ஒரு விளக்கும் போதும் என்று கேட்டுப் பெற்றார். தமையனாரின் சினத்தால் ஆகாத ஒன்று அண்ணியாரின் ஒரு பிடிச் சோற்றால் ஆயிற்று.

இன்னொரு நிகழ்ச்சியும் மரபாகச் சொல்லப்படுகிறது. திருவொற்றியூர் சென்று வழிபட்டு நள்ளிரவில் திரும்பிய இராமலிங்கர், கதவு அடைபட்டிருக்கக் கண்டு, உறங்குவோரை எழுப்ப மனமின்றிப் பசியோடு திண்ணையிலேயே படுத்துவிட்டார். அண்ணியார் எழுப்பி உணவளித்துச் சென்றார். சிறிது நேரத்தில் மீண்டும் அண்ணியார் வந்து உண்ண அழைத்தபோதுதான், முன்னர் வந்தவர் அண்ணியார் வடிவில் வந்த வடிவுடையம்மன் என்பது விளங்கிற்றாம். இதனை அவரவர் நம்பிக்கைக்கு ஏற்பக் கொள்ளலாம். அருளே உருக்கொண்டு வந்தபோதும் அது அண்ணியாரின் உருவையே எடுத்தது என்று மரபு சொல்வது கருதத்தக்கது.

1858ஆம் ஆண்டில் அடிகளார் சென்னையை விட்டு நீங்கினார். உறவினர் வற்புறுத்தலால் திருமணம் நடந்திருந்தும் இல்வாழ்வில் அவர் மனம் ஒன்றவில்லை. கருங்குழியில் வேங்கட ரெட்டியாரின் இல்லத்தில் பல ஆண்டுகள் தங்கினார்; தமக்கெனச் சொந்த வீடு ஒன்றை அவர் என்றுமே கொண்டதில்லை. உடுக்கவும் தலையைப் போர்த்தவும் வெள்ளாடை, உண்ணச் சிறிது உணவு, படுக்கப் பிறர் இல்லத்தில் ஓரிடம். அவ்வளவே அவருடைய உடைமை.

பசியோடு பிறர் வாயிலில் நின்ற அனுபவம் அவர் எழுத்தில் ஊறிக் கிடக்கிறது. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடையில், பசித்த ஏழை ஒருவன் வாய்திறந்து கேட்கும் முன் படும் தயக்கத்தை அவர் விரித்துரைக்கும் பகுதி நெஞ்சை உலுக்குவது. கேட்டால் என்ன சொல்வார்களோ என்னும் நாணம், கேளாவிடில் உயிர் நில்லாதே என்னும் அச்சம், பொழுது சாய்கிறதே, இனி எங்கே செல்வது என்னும் கலக்கம், வீட்டில் பசித்திருக்கும் மக்கள் முகத்தை வெறுங்கையோடு எவ்வாறு காண்பது என்னும் துயரம் ஆகிய அனைத்தையும் உள்ளிருந்து கண்டவர்போல எழுதுகிறார். திண்ணையில் படுத்தவர்க்கன்றி இஃது எளிதில் வாராது.

1866ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திலும் பஞ்சம் தலைகாட்டிற்று. அடுத்த ஆண்டு மே 23ஆம் நாள் அடிகளார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்காகப் பார்வதிபுரத்து மக்கள் விலை பெறாமல் ஈந்த நிலம் சுமார் 80 காணி, நூறு ஏக்கருக்கும் மேல். வடலூர் நான்கு திசைச் சாலைகளும் கூடும் இடம். வழிப்போக்கரும் போக்கிடமற்றோரும் கடந்தே ஆக வேண்டிய பெருவெளி. 21 அடி நீளமுள்ள அடுப்பில் அன்று மூட்டப்பட்ட தீ, இன்றுவரை அணையவில்லை. உணவோடு மருத்துவச்சாலை, சாத்திரச்சாலை முதலியனவும் அமைய வேண்டும் என்பது அவர் திட்டம். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களைச் சொல்லி வளரும் இல்லங்களுக்கு இத்திட்டத்தின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

சாலையில் உண்ண வருவோரிடம் சாதி, சமயம், தேசம், ஒழுக்கம் எதுவும் வினவலாகாது என்று அவர் வகுத்தார். இதில் கடினமான ஒரு வினா உண்டு. கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் உயிரினும் மேலாகக் கொண்டவர் அடிகளார். புலால் உண்பவர் பசித்து வந்தால் என் செய்வது? அவரையும் பசியாற்றவே வேண்டும் என்றார். தம் சங்கத்து நெருக்கத்திற்கு அவரைப் புறத்தார் எனக் கொண்டாலும், பசியளவில் அவர் புறத்தார் அல்லர். கொள்கையில் உறுதியுடையோர் பலர் இவ்விடத்தில் தடுமாறுவர். கொள்கைக்கு ஒவ்வாதவனின் வெறும் வயிற்றைக் காணாதது போலிருப்பதும் ஒருவகை ஊறு என்பதை அடிகளார் கண்டிருந்தார்.

1872இல் சத்திய ஞானசபையைக் கட்டுவித்தார். மக்கள் தம் நெறியை உணர்ந்து வரவில்லை என்று மனம் நொந்து, அச்சபையைத் தாமே பூட்டித் திறவுகோலைத் தம்மிடம் வைத்துக்கொண்டார் என்பர். தருமச்சாலையை மட்டும் ஒருநாளும் மூடச் சொல்லவில்லை. 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் சித்திவளாக அறைக்குள் புகுந்தவர் பின்னர் வெளிவரவில்லை.

இரண்டாண்டு கழிந்து தாது வருடப் பஞ்சம் வந்தது. ஊரும் வீடும் விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாகச் சாலைகளில் நடந்த காலம் அது. இன்றும் வடலூரில், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோரும், கூரை ஒன்றும் இல்லாத துறவியரும், எங்கிருந்தோ வந்தவரும் அச்சாலையை நம்பியே நாட்களைக் கழிக்கின்றனர். உணவு வேளையில் வரிசையாக அமர்கின்றனர். எவ்வூர், யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. சோறு வந்து விழுகிறது.