மீனை அளந்த டாக்டர்

குட்டீஸ், காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் தஞ்சாவூர் பக்கம் ஒரே கொண்டாட்டம்தான். ஆறு, வாய்க்கால், மடை, வயல் என்று தண்ணீர் போகும் இடமெல்லாம் மீன் குஞ்சுகளும் துள்ளிக்கொண்டு போகும். மடை வாயில் பறியை வைத்தால் போதும், குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக அதில் வந்து விழும்.

அந்தக் குஞ்சுகளுக்காகக் கவலைப்பட்டார் ஒரு டாக்டர். அவர் பெயர் பிரான்சிஸ் டே. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

டே, 1829-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். மருத்துவம் படித்து, 1852-ல் சென்னை மாகாண ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார். பிறகு அவருக்குக் கொச்சியில் வேலை கிடைத்தது. அங்கே கடல், காயல், ஆறு என்று எங்கு பார்த்தாலும் மீன்! டாக்டருக்கு மீன் மேல் ஆசை வந்துவிட்டது. 1865-ல் மலபார் பகுதி மீன்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மீன்கள் ஒரே இனமா, வேறு இனமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அளந்து பார்த்துத்தான்! தலையின் நீளம், மொத்த நீளத்தில் எத்தனையில் ஒரு பங்கு? உடலின் உயரம் எத்தனையில் ஒரு பங்கு? செதில்கள் எத்தனை? துடுப்பில் முட்கள் எத்தனை? இப்படி ஆயிரக்கணக்கான மீன்களை அளந்தும் எண்ணியும் குறித்து வைத்தார் டே.

அந்தச் சமயத்தில் ஒரு பிரச்னை கிளம்பியது. கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் சாலையில் அணைக்கரை என்ற ஊர் இருக்கிறது. அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையை 1836-ல் கட்டியவர் ஆர்தர் காட்டன். நெல் வயல்களுக்கு நீர் கொடுக்கும் அணை அது. ஆனால், உல்லம் என்றொரு மீன் இருக்கிறதே! வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் மீன்தான் அது. கடலில் வாழ்ந்தாலும் முட்டையிட ஆற்றில் ஏறி வரும். குறுக்கே சுவர் இருந்தால் அது எப்படி ஏறும்?

1867-ல் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியவர் யார் தெரியுமா? அணை கட்டிய அதே காட்டன்தான்! இதை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது.

அணைகள் மீனின் வழியை மறிப்பது உண்மைதான் என்று டே கண்டார். ஆனால், ஆராய ஆராய இன்னொரு ஆபத்தும் தெரிந்தது. சுண்டு விரல் அளவு குஞ்சு கூடத் தப்ப முடியாத பொடிக்கண் வலைகள்! வாய்க்காலிலும் வயலிலும் பறிகள்! சில இடங்களில் தண்ணீரில் விஷம் கலந்தும் மீன் பிடித்தார்கள். 1871-ல் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனதும், நாடு முழுவதும் உள்ள அதிகாரிகளிடம் கேள்விகள் அனுப்பி விவரம் திரட்டினார். 1873-ல் அறிக்கை கொடுத்தார். வலைக்கண்ணின் அளவுக்கு ஒரு வரம்பு வேண்டும், விஷம் கலப்பதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ஒரு குஞ்சு போனால் என்ன பெரிய நஷ்டம் என்று நினைக்கிறீர்களா? வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம்.

10 செ.மீ. நீளமுள்ள கெண்டை 12 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 20 செ.மீ. வளர்ந்தால் எடை எவ்வளவு? 24 கிராம்தானே என்று அவசரப்படாதீர்கள்! நீளம் இரண்டு மடங்கானால் உயரமும் இரண்டு மடங்கு, பருமனும் இரண்டு மடங்கு. 2x2x2 = 8. ஆகவே, 12 கிராம் மீன் 96 கிராம் ஆகிவிடும்! 30 செ.மீ. ஆனால் 27 மடங்கு, அதாவது 324 கிராம்!

20-ம் நூற்றாண்டில் விஞ்ஞானிகள் பல்லாயிரம் மீன்களை அளந்தும் நிறுத்தும் பார்த்தார்கள். பெரும்பாலான மீன்கள் இந்தக் கணக்கை ஒட்டியே வளர்கின்றன. கணக்கைவிட எடை குறைந்தால், மீனுக்குச் சரியான தீனி இல்லை என்று பொருளாகலாம். சினை மீன் என்றால் எடை கூடுதலாக இருக்கும்.

இப்போது புரிகிறதா? பறியில் விழும் ஒரு கைப்பிடிக் குஞ்சு, விட்டு வைத்தால் ஒரு கூடை மீன்! எல்லாக் குஞ்சும் பிழைக்காதுதான். ஆனால், பிழைப்பவை முட்டையிட்டு இன்னும் பெருகுமே!

ஆனால், டே கேட்ட சட்டம் உடனே வரவில்லை. வலையைக் கட்டுப்படுத்தினால் ஏழைகளின் சோற்றில் கை வைத்தது போலாகும் என்ற தயக்கம் இருந்தது. அதுவும் நியாயமான கவலைதானே!

டே 1877-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். இந்திய மீன்கள் பற்றிய அவரது பெரிய நூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1889-ல் வந்த இன்னொரு நூலில் 1,400-க்கும் அதிகமான மீன் இனங்களை விவரித்தார். அதே ஆண்டு ஜூலை மாதம் காலமானார். அவர் சேகரித்த மீன்களில் பல, கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. விஷம் வைத்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை அது தடை செய்தது. வலைக்கண்ணின் அளவுக்கு விதிகள் வகுக்கவும் வழி செய்தது. ஆனால், உல்லத்துக்குத்தான் விடிவு வரவில்லை. 1934-ல் மேட்டூர் அணையும் வந்த பிறகு, காவிரியில் ஏறும் உல்லம் அரிதாகிவிட்டது.

அடுத்த முறை வீட்டில் மீன் வாங்கினால், சின்னது ஒன்று, பெரியது ஒன்று எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். தராசில் நிறுத்தும் பாருங்கள். இரண்டும் ஒரே இன மீனாக இருக்க வேண்டும். நம் கணக்குச் சரியாக வருகிறதா என்று நீங்களே கண்டுபிடியுங்கள், குட்டீஸ்!