கல்லுக்குள் காட்டைக் கண்டவர்

குழந்தைகளே! நவம்பர் 14 யாருடைய பிறந்த நாள் என்று கேட்டால், நேரு மாமாவின் பிறந்த நாள் என்று எல்லாரும் கை தூக்குவீர்கள். அதே நாளில் பிறந்த இன்னொரு பெரியவரும் உண்டு. அவர் பெயர் பீர்பால் சாஹ்னி. அக்பர் கதையில் வருகிற பீர்பால் அல்லர். இவர் கல்லாகிப் போன மரங்களைப் படித்த விஞ்ஞானி.

மரம் எப்படிக் கல்லாகும்? வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரம் மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் புதைந்து விடுகிறது. காற்று படாததால் சீக்கிரம் மட்குவதில்லை. மண்ணில் ஊறும் நீர், தன்னில் கரைந்த தாதுப் பொருள்களை மரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறது. பல லட்சம் ஆண்டுகளில் மரம் முழுவதும் கல்லாகி விடுகிறது. ஆனால் உள்ளே இருந்த நுண்ணிய அமைப்பு அப்படியே பதிந்திருக்கும். இதைத்தான் புதைபடிவம் என்கிறோம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்களை நீங்களே பார்க்கலாம்.

எங்கள் நத்தம் பக்கத்துக் கரந்தமலையிலும் சிறுமலையிலும் இவற்றைத் தேடினால் கிடைக்காது. அந்த மலைப் பாறைகள் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானவை. ஆற்று மணலும் கடல் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறைகளில்தான் புதைபடிவங்கள் இருக்கும். ஆகவே கல்மரத்தைப் படிக்க நினைப்பவருக்கு மரத்தைப் பற்றியும் தெரிய வேண்டும். பாறையைப் பற்றியும் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் இணைப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் சாஹ்னி.

அவர் 1891-ஆம் ஆண்டு, இப்போது பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ருசிராம் சாஹ்னி, லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். விடுமுறை வந்தால் பிள்ளைகளை இமயமலைக்கு நடைப்பயணம் அழைத்துப் போவார். வழியில் செடிகளைப் பறித்துக் காயவைத்துச் சேர்ப்பது சிறுவன் பீர்பாலுக்குப் பழக்கமாயிற்று.

கல்லூரிப் படிப்பை முடித்ததும் மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்று தந்தை விரும்பினார். அக்காலத்தில் அதைவிடப் பெரிய பதவி இல்லை. ஆனால் மகனின் மனமோ தாவரவியலில் இருந்தது. தன் விருப்பத்தைப் பணிவோடும் உறுதியோடும் எடுத்துச் சொன்னார். தந்தையும் ஒப்புக்கொண்டார்.

1911-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். 1914-இல் பட்டம் பெற்றார். அங்கே ஸீவார்டு என்ற பேராசிரியர் புதைபடிவத் தாவரங்களில் பெரும் புலமை பெற்றவர். அவரிடம் சாஹ்னி ஆராய்ச்சி செய்தார். 1919-இல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்ஸி. பட்டம் அளித்தது.

பட்டம் பெற்றதும் அங்கேயே தங்கி விடாமல், அதே ஆண்டு தாய்நாடு திரும்பினார். காசியிலும் லாகூரிலும் சில காலம் கற்பித்தார். 1921-இல் லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். கடைசி வரை அதுவே அவருடைய பணியிடம்.

அவருடைய வேலை எளிதானதல்ல. கல்மரத்தை மெல்லிய தகடாக அறுக்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு அதைத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்க வேண்டும். அப்போதுதான் நுண்ணோக்கியில் செல்கள் தெரியும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் தகடு உடைந்து விடும். பொறுமைதான் இந்தப் படிப்பின் முதல் பாடம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தண்டு ஓரிடத்திலும், இலை ஓரிடத்திலும், காய் வேறிடத்திலும் கிடைக்கும். எது எதனுடையது என்று எப்படிச் சொல்வது? இப்போதைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் ராஜ்மகால் குன்றுகளில் கிடைத்த துண்டுகளை அவர் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார். உள்ளமைப்பு ஒத்துப்போவதைக் கண்டு, அவை ஒரே வகைத் தாவரத்தின் உறுப்புகள் என்று காட்டினார். இன்று உலகில் எங்குமே இல்லாத அந்தத் தாவரக் கூட்டத்தை 1948-இல் பென்டாக்சிலியே என்ற பெயரோடு விளக்கினார். படம் வெட்டி ஒட்டும் விளையாட்டுப் போல இல்லையா? ஆனால் இங்கே பாதித் துண்டுகள் கிடைக்கவே கிடைக்காது!

1936-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. அதே ஆண்டு ரோத்தக் அருகே ஒரு மேட்டில் பழங்காலக் களிமண் நாணய அச்சுகளைக் கண்டெடுத்தார். பழங்காலத்தில் நாணயம் வார்த்த முறையைப் பற்றித் தனி நூலே எழுதினார். கண்ணைத் திறந்து வைத்து நடப்பவருக்கு எல்லா மண்ணும் பாடப் புத்தகம்தான்.

தம் மாணவர்கள் செடியோடு பாறையையும் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1943-இல் லக்னோவில் நிலவியல் துறை தொடங்கப்பட்டபோது அதையும் அவரே ஏற்று நடத்தினார். புதைபடிவத் தாவரங்களுக்கென்று ஒரு தனி ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்று கனவு கண்டார். தம் சேமிப்பையும் நூல்களையும் புதைபடிவங்களையும் அதற்கே கொடுத்தார். 1946-இல் நிலையம் உருவாயிற்று.

1949 ஏப்ரல் 3 அன்று, அதன் கட்டடத்துக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். பல காலத்துப் புதைபடிவங்களைப் பதித்துச் செய்த அபூர்வமான கல் அது. ஒரு வாரம்தான் ஆயிற்று. ஏப்ரல் 10 அன்று சாஹ்னி மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 57.

கனவு அங்கேயே நின்று போயிருக்கும். ஆனால் அவர் மனைவி சாவித்திரி சாஹ்னி துணிந்து பொறுப்பை ஏற்றார். கட்டடம் எழுந்தது, 1969 வரை நிலையத்தைக் காத்து வளர்த்தார். லக்னோவில் அது சாஹ்னியின் பெயரோடு இன்றும் நடக்கிறது.

உங்களுக்கும் இந்தத் துறையில் ஆசை வருகிறதா? பிளஸ் டூவில் அறிவியல் பாடம் எடுங்கள். பிறகு நிலவியல் அல்லது தாவரவியல், விலங்கியல் பட்டம் படிக்கலாம். நம் நாட்டில் பெரும்பாலும் தொல்லுயிரியல், நிலவியல் எம்.எஸ்ஸி. படிப்பின் ஒரு பகுதியாகவே வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் நிலவியல் துறைகள் உள்ளன. வகுப்பறைப் பாடம் மட்டும் போதாது. வெயிலில் நடந்து பாறைகளைப் பார்த்து வரைபடம் வரைய வேண்டும். ஆய்வேடு எழுத வேண்டும்.

அதற்கெல்லாம் இன்னும் காலம் இருக்கிறது. இப்போதைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உதிர்ந்த இலைகளைச் சேர்த்து ஒட்டி, எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்று எழுதி வையுங்கள். பீர்பால் சாஹ்னியும் செடி சேர்ப்பதில் இருந்துதான் தொடங்கினார்.