மகளுக்குச் சொத்து, ஊழியருக்கு நிறுவனம்! ஒரு `ஷாம்பெயின் ராணி' எடுத்த முடிவு

உங்க குடும்பத்துக்குச் சொந்தமா ஒரு கடையோ, பட்டறையோ இருக்கா? அப்படியென்றால், `எனக்கு அப்புறம் இதை யார் பார்த்துக்கப்போறாங்க?' என்ற கேள்வியை வீட்டில் ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். பிள்ளைக்கு ஆர்வம் இருக்காது. மருமகன் மேல் நம்பிக்கை வராது. வெளியாளிடம் கொடுக்கவும் மனசு வராது.

பிரான்ஸில் 19-ம் நூற்றாண்டில் இதே கேள்வியோடு நின்றார் ஒரு பெண்மணி. அவர் பெயர் பார்ப் நிக்கோல். உலகப் புகழ்பெற்ற `வூவ் க்ளிக்கோ' ஷாம்பெயினுக்குச் சொந்தக்காரர். `வூவ்' என்றால் பிரெஞ்சு மொழியில் கணவரை இழந்தவர் என்று அர்த்தம். அந்தச் சொல்லைத்தான் அவர் நிறுவனத்தின் பெயராகவே வைத்துக்கொண்டார்.

மாமனார் கொடுத்த வாய்ப்பு

1777-ல் ரேன்ஸ் நகரத்தில், பணக்கார ஜவுளி வியாபாரியின் மகளாகப் பிறந்தவர் பார்ப் நிக்கோல். 1798-ல் ஃபிரான்ஸுவா க்ளிக்கோவைத் திருமணம் செய்துகொண்டார். மாமனார் பிலிப் க்ளிக்கோ 1772-ல் ஆரம்பித்ததுதான் அந்த ஒயின் வியாபாரம். ஜவுளிதான் அந்தக் குடும்பத்தின் பிரதான தொழில், ஒயின் பக்கத்தொழில்தான். ஆனால், மகன் ஃபிரான்ஸுவாவுக்கு ஒயின் மேல்தான் ஆசை. கணவரோடு சேர்ந்து மனைவியும் தொழிலைப் பழகினார்.

1805-ல் காய்ச்சலில் விழுந்த ஃபிரான்ஸுவா, சில நாள்களிலேயே இறந்துபோனார். அப்போது பார்ப் நிக்கோலுக்கு வயது 27. கையில் 6 வயது மகள் கிளெமென்டின். மகனைப் பறிகொடுத்த பிலிப், ஒயின் தொழிலையே மூடிவிட முடிவு செய்தார்.

மருமகள் விடவில்லை. `நான் நடத்துறேன்' என்று மாமனாரிடம் போய் நின்றார். அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி, கணவரின் அனுமதி இல்லாமல் ஒரு மனைவி தொழில் செய்ய முடியாது. கணவரை இழந்த பெண்ணுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. பிலிப் சம்மதித்தார். ஆனா, ஒரு நிபந்தனை. அனுபவமுள்ள அலெக்ஸாண்டர் ஃபோர்னோவோடு கூட்டு சேர்ந்து, முதலில் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நான்கு வருடங்கள் ஓடின. ஐரோப்பா முழுக்கப் போர். துறைமுகங்கள் அடைபட்டதால் சரக்கு போகவில்லை. லாபமும் இல்லை. 1810-ல் கூட்டாளி விலகிக்கொண்டார். மாமனாரோ, அப்போதும் மருமகளைக் கைவிடவில்லை. அந்த வருடம்தான் `வூவ் க்ளிக்கோ பொன்ஸார்தன்' என்ற பெயரில் நிறுவனம் அவர் கைக்கு வந்தது.

மேஜையில் போட்ட ஓட்டை

1811-ல் வானத்தில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் தெரிந்தது. அந்த வருடம் திராட்சையும் அமோக விளைச்சல். 1814-ல் நெப்போலியனின் ஆட்சி முடிவுக்கு வந்த சமயம், பிரெஞ்சு ஒயினுக்கு ரஷ்யா விதித்திருந்த தடை முழுசாக நீங்கும் முன்பே, போட்டியாளர்களுக்குத் தெரியாமல் ஒரு கப்பலில் 10,550 பாட்டில்களை ஏற்றி அனுப்பினார் பார்ப் நிக்கோல். கப்பல் மாட்டியிருந்தால் நிறுவனமே கவிழ்ந்திருக்கும். ஆனால், சரக்கு சுடச்சுட விற்றுத்தீர்ந்தது.

அடுத்த பிரச்னை கசடு. ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கும். அதனால் ஈஸ்ட் அடியில் தங்கி ஒயின் கலங்கும். அதைத் தெளியவைக்க நிறைய நேரமும் ஒயினும் வீணாகும். 1816-ல் அவர் ஒரு மேஜையில் வரிசையாக ஓட்டைகள் போடச் சொன்னார். அதில் பாட்டில்களைத் தலைகீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்கள். கசடு மெல்ல இறங்கி மூடிப் பக்கம் சேர்ந்தது. மூடியைத் திறந்ததும் கசடு மட்டும் வெளியே தெறித்தது. அவ்வளவுதான்! இன்றைக்கும் ஷாம்பெயின் தெளிய வைப்பதற்கு அடிப்படை இதுதான்.

மருமகன் வந்தார்... செலவும் வந்தது

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்ததை யாரிடம் கொடுப்பது?

மகள் கிளெமென்டினுக்குத் தொழிலில் நாட்டமில்லை. 1817-ல் அவருக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை லூயி தெ ஷெவிஞே, பெரிய வம்சத்துப் பிரபு. ஆனால், கையில் பணம் கிடையாது. கவிதை எழுதுவார், தாராளமாகச் செலவு செய்வார். மாமியார்தான் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளைமேல் அவருக்குப் பாசம் உண்டு. ஆனா, பாதாள அறையின் சாவியைக் கொடுக்கிற அளவுக்கு இல்லை.

அடுத்து அவர் நம்பியது, நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெர்மானியர் கெஸ்லரை. ஒயினைத் தாண்டி வங்கி, ஜவுளி என்று கால் வைத்த காலம் அது. அது சரிப்பட்டு வரவில்லை. கெஸ்லரும் விலகி, 1826-ல் ஜெர்மனியில் சொந்தமாக ஒயின் நிறுவனம் தொடங்கிவிட்டார்.

இதற்கிடையில், 1821-ல் எடுவார் வெர்லே என்ற 20 வயது ஜெர்மானிய இளைஞர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். 1828-ல் பாரிஸ் வங்கி ஒன்று நொடித்தபோது, அதோடு தொடர்பிலிருந்த க்ளிக்கோ நிறுவனமும் ஆட்டம் கண்டது. அப்போது தன் சொந்தச் சொத்தைப் பணயம் வைத்து நிறுவனத்தைக் காப்பாற்றியவர் வெர்லே. இதைவிட வேறென்ன பரீட்சை வேண்டும்? 1831-ல் அவரைப் பங்குதாரர் ஆக்கினார் பார்ப் நிக்கோல். வங்கித் தொழிலை ஓரங்கட்டிவிட்டு, இருவரும் ஒயினில் மட்டும் கவனம் வைத்தார்கள். 10 வருடம் கழித்து, 1841-ல், நிர்வாகத்தை வெர்லேயிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்.

குடும்பத்தை அவர் ஒன்றும் கைவிட்டுவிடவில்லை. பூர்ஸோவில் பிரமாண்டமான மாளிகை கட்டினார். அது பின்னாளில் கொள்ளுப்பேத்தி ஆனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதாவது, சொத்து ரத்த உறவுக்கு. தொழில், அதைத் தாங்கத் தெரிந்தவருக்கு.

1866-ல் 88 வயதில் அவர் கண்மூடியபோது, நிறுவனம் வருடத்துக்கு ஏறத்தாழ 7.5 லட்சம் பாட்டில்கள் விற்றுக்கொண்டிருந்தது. வெர்லேவுக்குப் பிறகு அவர் மகன் ஆல்ஃபிரட் பொறுப்பேற்றார். நிறுவனம் வெர்லே குடும்பத்தின் வழியில் தொடர்ந்தது. ஆனால், பாட்டிலில் இருந்த க்ளிக்கோ என்ற பெயர் மட்டும் மாறவே இல்லை.

மகனை இழந்த பிலிப், அன்று மருமகளுக்கு நிறுவனத்தைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. நான்கு வருடம் பழகவிட்டார், தோற்றபோதும் கூட நின்றார். மருமகளும் அதே மாதிரி, வெர்லேயை 10 வருடம் உடன் வைத்துப் பார்த்த பிறகே சாவியைக் கொடுத்தார். உங்க கடைச் சாவியைக் கொடுக்க ஆள் தேடுகிறீர்களா? பிள்ளையா, வெளியாளா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். கடை தள்ளாடிய நாளில் உங்க பக்கத்தில் யார் நின்றார்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள்.