கடல்நீர் கலந்தவர்

வீட்டுக் கூடத்தில் பவளம் வளர்ப்போர் இன்று பொட்டலத்து உப்பை நீரில் கரைத்துக் கடலாக்கிக் கொள்கிறார்கள். இவ்வித்தைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேயர்.

1810-இல் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராய்ச் சென்று சிற்றோவியம் தீட்டிப் பிழைத்தவர். மகன் 17 வயதில் நியூபவுண்ட்லாந்துக்குக் கப்பலேறிக் கணக்கெழுதினார். கானடாவில் பயிரிட்டுப் பார்த்தார். அலபாமாவில் பாடஞ் சொன்னார். ஜமைக்காவில் பறவைகளைத் தேடி அலைந்தார். நம்மைப்போல் பல்கலைக்கழகப் படி மிதிக்காத இவர், 1856-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்!

1852-இல் உடல்நலங் குன்றி டெவன் கடற்கரைக்கு வந்தவரை அங்குள்ள பாறைக் குட்டைகள் கட்டிப்போட்டன. ஆனால் கடற்சாமந்தியைக் கண்ணாடிச் சாடியில் இட்டு வைத்தால் நீர் விரைவில் கெட்டு அது மடிந்துவிடும். பிராணி வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்று, வெளிச்சத்தில் பிராணவாயுவைத் திருப்பித் தருமாதலால், இரண்டும் ஒத்திருந்தால் நீர் கெடாது. இதனை 1850-இல் நன்னீர்த் தொட்டியில் காட்டியவர் லண்டன் இரசாயனர் ராபர்ட் வாரிங்டன். கடல்நீரிலும் அவரும் காஸும் இதனைச் செய்து பார்த்தனர்.

ஆயினும் கடல்நீர் கடற்கரையிலிருந்துதானே வரவேண்டும்? 1854-இல் காஸ், கடல்நீரின் இரசாயனப் பகுப்பு ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு தாமே கலக்கினார். ஏறக்குறைய ஒரு காலன் நீருக்குச் சமையல் உப்பு 3½ அவுன்ஸ், பேதியுப்பு கால் அவுன்ஸ், மக்னீசியம் குளோரைடு 200 கிரெயின், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெயின். பேதியுப்பா என்று நகைக்க வேண்டாம். கடலில் அதற்கும் பங்குண்டு. முதலில் பாசியை இட்டு, சில நாள் கழித்தே பிராணிகளை விட்டார். அவை பிழைத்தன.

சுண்ணாம்புச் சத்தை அவர் சேர்க்கவில்லை. தொட்டியடியில் கிடக்கும் கல்லும் கிளிஞ்சலும் அதைக் கொடுத்துவிடும் என்று எண்ணினார். இங்கேதான் கணக்குப் பிசகியது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கிளிஞ்சல் கரைந்து அவ்வளவும் வந்துவிடாது. கற்கூடு இல்லாத கடற்சாமந்தி தப்பியது. பவளமோ கூடு கட்ட நாள்தோறும் சுண்ணாம்பை உறிஞ்சுவது. இன்றைய தொட்டிக்காரர்கள் கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஓயாமல் அளப்பது இதனால்தான். மக்னீசியத்தையும் விடமுடியாது, அது குறைந்தால் சேர்த்த கால்சியம் சுண்ணாம்பாய்ப் படிந்து வீணாகும்.

அவ்வாண்டு அவர் வெளியிட்ட 'தி அக்வேரியம்' என்ற நூல் பெரும் புகழ் பெற்றது. 1857-இல் மனைவி எமிலி புற்றுநோயால் மறைந்தார். அதே ஆண்டு உலகப் படைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் ஏளனத்துக்கு ஆளாயிற்று. துயரத்தோடு டெவனுக்கே குடிபெயர்ந்தார். அங்கே மற்றொரு துயரம் காத்திருந்தது. தொட்டி மோகம் பிடித்தவர்கள் கூட்டங் கூட்டமாய் வந்து, அவர் நேசித்த குட்டைகளைச் சூறையாடினார்கள். வழிகாட்டியவை தம் நூல்களே என்பது அவரை வாட்டியது. மகன் எட்மண்ட் 1907-இல் வெளியிட்ட நூலில் இதனை எழுதியிருக்கிறார்.

அந்தக் கரையை ஒட்டிய செயின்ட் மேரிசர்ச்சிலேயே 1888-இல் காஸ் காலமானார்.