அவைக்கு வந்த அம்மையார்
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வாழ்வும் பணியும்

1927ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணச் சட்டசபை கூடியபோது அதன் உறுப்பினர் வரிசையில் ஒரே ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். அந்த அவை தன் துணைத் தலைவராக அவரையே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரே அவர். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபை ஒன்றின் துணைத் தலைமையை ஏற்ற முதற் பெண்மணி என்னும் புகழ் அவருக்கு உரியது. அம்மையார் அப்பதவியில் இருந்த காலம் நான்காண்டுகள்கூட இல்லை. எனினும், அக்குறுகிய காலத்தில் அவர் தொடங்கிய ஒரு பணி முற்றுப்பெற மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அம்மையார் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் உயர்நிலை வகித்தவர். தாயார் சந்திரம்மாள், கோயிற்பணிக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமுடைய இசை மரபில் தோன்றியவர். கற்றறிந்த தந்தை ஒருபுறமும், ஊரார் வாயில் இழிசொல்லாகிவிட்ட குலப்பெயரைத் தாங்கிய தாய் மறுபுறமுமாக அமைந்த இல்லம் அது. அங்கு வளர்ந்த சிறுமிக்குச் சமூகம் என்பது ஏட்டில் படித்தறியும் பொருளாக இருக்கவில்லை. அது அவர் வீட்டு வாசலிலேயே நின்றது.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று எதிர்ப்பு எழுந்த வேளையில், மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அம்மையார், 1912இல் சிறப்பாகத் தேறி மருத்துவரானார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்தவேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்னும் உடன்பாட்டின் பேரிலேயே அம்மணம் நிகழ்ந்தது.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிட்டியது 1921இல். ஆயினும் அவையில் உறுப்பினராகும் தகுதி 1926இல்தான் வாய்த்தது. அவ்வாண்டுத் தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய சிறு வாக்கு வேறுபாட்டில் தோற்றார். இந்திய மாதர் சங்கம் பெண் ஒருவரை அவைக்கு நியமிக்க வேண்டுமென்று அரசை வற்புறுத்தியது. மருத்துவப் பணி தடைப்படுமே என்று தயங்கிய அம்மையார், பின்னர் இசைந்தார். அவருக்கென்று ஒரு தொகுதி இல்லை. வாக்களித்து அனுப்பியவர் எவருமில்லை. ஆகவே, வாக்குரிமையே அற்றிருந்த எளிய பெண்களையும் குழந்தைகளையும் தம் தொகுதியாக அவர் கொண்டார் எனல் மிகையாகாது. பள்ளி மாணவருக்கு மருத்துவப் பரிசோதனை, பெண் கல்வி, குழந்தை மண ஒழிப்பு, பெண்களை விலைப்பொருளாக்கும் விடுதிகளை ஒழித்தல் ஆகியவற்றுக்காக அவர் அவையில் வாதாடினார்.

ஆயினும் அவர் நெஞ்சுக்கு நெருங்கிய பணி வேறொன்று. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டுமென்னும் தீர்மானத்தை 1927 நவம்பரில் அவர் கொண்டுவந்தார். அவை அதனை ஏற்றது. 1929இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் நுட்பமானது. கோயிற்பணிக்கு ஈடாகப் பெற்ற மானிய நிலத்தை, அப்பணியைச் செய்யாமலே அப்பெண்கள் வைத்துக்கொள்ள அது வழி செய்தது. பணியை விட்டால் நிலம் போய்விடுமே என்னும் அச்சம்தானே தாய் தன் மகளுக்குப் பொட்டுக்கட்டக் காரணமாயிற்று? அம்மையார் அந்த முடிச்சை முதலில் அவிழ்த்தார். அடுத்து, வழக்கத்தையே தடைசெய்யும் மசோதாவை 1930இல் அவைமுன் வைத்தார்.

எதிர்ப்பு இருதிசையிலிருந்தும் வந்தது. மரபையும் சமயத்தையும் காட்டி அவையில் மறுத்தவர்களுள் நாவன்மை மிக்க எஸ். சத்தியமூர்த்தியும் ஒருவர். அதனினும் அம்மையாரை வருத்தியிருக்கக் கூடியது, எந்தப் பெண்களுக்காக அவர் பேசினாரோ அப்பெண்களுள் ஒரு சாராரின் எதிர்ப்பாகும். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய கலைவாணியர் சங்கமாகத் திரண்டு அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர். தங்களைத் தொழிலால் இழிந்தோர் என்று ஒரே சொல்லில் அடக்குவது நியாயமன்று என்பதும், தங்கள் சொத்துரிமையும் கலையும் அழிந்துபடும் என்பதும் அவர்தம் முறையீடு. மறுபுறம், அதே மரபில் வாழ்ந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார். ஒரே குலத்துப் பெண்கள் இருபக்கமும் நின்ற வழக்கு அது.

1932 இறுதியில் சதிராட்டம் பற்றி ஈ. கிருஷ்ண ஐயருக்கும் அம்மையாருக்கும் செய்தித்தாள்களில் கடும் விவாதம் மூண்டது. அவ்வாட்டம் பின்னர்ப் பரதநாட்டியம் என்னும் பெயருடன் புதிய மேடைகளில் ஏறிற்று. ஆனால், அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களுள் பலர் அம்மேடைகளுக்கு வெளியே நின்றனர். சிறுமியைக் காக்க எழுந்த இயக்கம் கலைமகளிரின் மதிப்பையும் சேர்த்துக் காத்திருக்கலாகாதா என்னும் வினாவைக் கலையன்பர் எவரும் புறக்கணித்தல் இயலாது. தன் விருப்பம் கேட்கப்படாமலே பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியின் நிலையை எண்ணுங்கால், அம்மையாரின் பிடிவாதத்தைக் குறைகூறலும் எளிதன்று.

1930 மே மாதம் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அம்மையார் பதவியைத் துறந்தார். அதனால் அவருடைய மசோதா அவையில் ஆதரவற்று நின்றது. எனினும் அவர் பணி நிற்கவில்லை. பொட்டுக்கட்டும் மரபிலிருந்து வெளியேறிய சிறுமியர் சிலர் தங்க இடமின்றித் தவித்தபோது தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார். அதுவே ஒளவை இல்லமாக வளர்ந்தது. மணவாழ்வைச் சாராமல் புலமையால் மட்டுமே மன்னர் அவைகளில் மதிக்கப்பெற்ற தமிழ் மூதாட்டியின் பெயரை அவ்விடத்துக்குச் சூட்டியமை எண்ணத்தக்கது.

பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947இல்தான். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அப்போது மாகாணப் பிரதமர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் தோன்றிய ஜெ. சிவசண்முகம் பிள்ளை பேரவைத் தலைவர். இருபதாண்டுகளுக்கு முன் அம்மையாரின் தீர்மானத்தில் தொடங்கிய பணி இவ்வாறு நிறைவெய்தியது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை அம்மையார் மறந்தாரல்லர். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அது திறக்கப்பெற்றது. 1956இல் பத்மபூஷண் விருது அம்மையாரை வந்தடைந்தது. 82 வயது நிறைய எட்டு நாள்களே இருக்கையில், 1968 ஜூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார். ஏழைத் தாய்மார்க்கான தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்குகிறது.

தாய் பிறந்த குலத்தை மறைத்து வாழ்ந்திருந்தால், படிப்பும் பதவியும் மட்டுமே போதும் என்று அம்மையார் அமைதி கொண்டிருக்கலாம். மறைக்கக்கூடிய ஒன்றை நாடறியும் அவையின் நடுவே எடுத்து வைத்து, அதற்கு நீதி கேட்டார் அவர். துணைத் தலைவர் பட்டியலில் அவர் பெயர் ஒரு வரியே. அந்த வரியின் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ சிறுமியர் இருக்கின்றனர்.