நீதிபதி நாற்காலியை மறுத்து வாக்காளரிடம் சென்ற வழக்கறிஞர்

1923ஆம் ஆண்டின் நடுவில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள முனைந்த பீமராவ் ராம்ஜி அம்பேத்கரிடம் பதிவுக் கட்டணத்துக்குப் பணம் இல்லை. நண்பர் நவல் பதேனாவிடம் கடன் பெற்றார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டங்கள் பெற்றவர், கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் தகுதி அடைந்தவர். ஆயினும் பெரிய வழக்குகள் சொலிசிட்டர்களின் கைவழியே வந்துகொண்டிருந்த அந்நாளில், தீண்டத்தகாதவர் எனக் கருதப்பட்ட ஒருவரிடம் வழக்குக் கட்டைக் கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. மேல்முறையீடுகளையும் வெளியூர் நீதிமன்ற வழக்குகளையும் நம்பியே அவர் தொழில் நடத்தினார். மகாராஜபுரத்திலிருந்து பேருந்து ஏறித் திருவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்துக்கு வரும் முதல் தலைமுறை வழக்கறிஞர் எவருக்கும் இந்த நிலை புதிதாகத் தோன்றாது.

அந்தத் தொடக்க ஆண்டுகளிலேயே அவருக்கு மாவட்ட நீதிபதிப் பதவி தர அரசுத் தரப்பு முன்வந்தது. சில ஆண்டுகளில் உயர் நீதிமன்ற நீதிபதியாக உயர்த்தப்படுவார் என்ற உறுதியும் உடன் வந்தது. அவரது வருமானமோ மிகச் சொற்பம். குடும்பம் பரேலில் தொழிலாளர் குடியிருப்பொன்றில் வாழ்ந்தது. அவர் மறுத்துவிட்டார். அரசுப் பணி தன் சமூகத்துக்காகப் பேசும் உரிமையைப் பறித்துவிடும் என்பதே அவர் கண்ட தடை. சுதந்திரமான வழக்கறிஞர் தொழிலில் அந்தக் கட்டு இல்லை.

இந்த மறுப்பைத் தியாகம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதில் ஒரு சட்ட அறிஞரின் கணக்கும் இருந்தது என்று கருதுகிறேன். நீதிமன்றம் எவ்வளவு தரும், எங்கே நின்றுவிடும் என்பதை அவர் பிரதிவாதியாகவே நின்று அறிந்தவர். 1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் நீர் அருந்திய போராட்டத்தை நாம் அறிவோம். அதன் பின்வந்த வழக்கைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவ்வாண்டு டிசம்பரில் சாதி இந்துக்கள் சிலர், குளம் தங்களுக்கே உரியது, தொன்றுதொட்ட வழக்காறும் அதுவே என்று கூறி உரிமையியல் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையாணை பெற்றனர். இரண்டாம் முறை நீர் எடுக்கத் திரண்டிருந்த ஆயிரக்கணக்கானோரை நீதிமன்ற ஆணையை மதித்து அவர் நிறுத்திவைத்தார். மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது அந்த டிசம்பர் மாநாட்டில்தான்.

வழக்கு கீழ் நீதிமன்றங்களைத் தாண்டி உயர் நீதிமன்றம் வந்து முடிய 1937 மார்ச் ஆயிற்று. தீர்ப்பை எழுதிய நீதிபதி புரூம்ஃபீல்டு, 1922இல் காந்திக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்தவர். அம்பேத்கர் தரப்பு வென்றது. ஆனால் வென்ற காரணத்தைக் கவனியுங்கள். தீண்டாமை தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வாதிகள் கூறிய வழக்காறு தொன்மையானது என்று நிரூபிக்கப்படவில்லை, அவ்வளவே. நிரூபித்திருந்தால்? அக்கேள்வி தீர்ப்புக்கு வெளியே நின்றது. நீதிபதி சட்டத்தைப் படிக்கலாம். வழக்காறே சட்டமாக இருக்கும்வரை அவர் கைகள் கட்டுண்டவைதாம். சட்டத்தையே மாற்றும் இடம் சட்டமன்றம்.

அங்கே செல்லக் கட்சி வேண்டும். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். காங்கிரஸுக்கு முன் அது சிறிய கட்சி. எனினும் 1937 பம்பாய் மாகாணத் தேர்தலில் நிறுத்திய 17 வேட்பாளர்களில் பெரும்பாலோர் வென்றனர். 1942 ஜூலையில் நாகபுரியில் அனைத்திந்திய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு உருவானபோது தலைவரானவர் சென்னையின் வழக்கறிஞரும் சட்டக் கல்லூரி ஆசிரியருமான ந. சிவராஜ். அதே ஆண்டு அம்பேத்கர் முன் மீண்டும் நீதிபதிப் பதவிக்கான வாய்ப்பு இருந்தது. இம்முறையும் அதை விடுத்து, வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் நீதிபதி நாற்காலிக்கே தேர்தல் உண்டு. சிறு கட்சி வழக்கறிஞர்களும் அதில் நிற்கிறார்கள். இங்கு அவ்வழி இல்லை. நீதிபதிகளை யார் நியமிப்பது என்ற கேள்வி 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் வந்தபோது விடை கூற வேண்டியவராக இருந்தவர் அம்பேத்கரே. ஆட்சியாளர் விருப்பத்துக்கு மட்டும் விடுவதும் ஆபத்து, சட்டமன்ற ஒப்புதலைக் கோருவதும் அரசியல் கலப்புக்கு இடம்தரும் என்றார். தலைமை நீதிபதியின் இசைவைக் கட்டாயமாக்குவதையும் அவர் ஏற்கவில்லை. தலைமை நீதிபதியும் குறைகள் உள்ள மனிதரே என்பது அவர் வாதம். கலந்தாலோசனை என்ற நடுவழியே அரசமைப்பில் இடம்பெற்றது. 1993 தீர்ப்பு அந்தச் சொல்லுக்கு இசைவு என்றே பொருள் கண்டு கொலீஜியத்தை உருவாக்கியது. 2018 முதல் 2022 டிசம்பர் வரை உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 2.8 விழுக்காடு, பழங்குடியினர் 1.3 விழுக்காடு என்று சட்ட அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தது.

1951 செப்டம்பரில் இந்து சட்டத் தொகுப்பு கைவிடப்பட்ட நிலையில் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில் பம்பாய் வடக்குத் தொகுதியில் நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு தனி இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே அளிக்க முடியாது. தனி இடத்துக்கு வருபவரையும் எல்லாச் சாதியினரும் சேர்ந்தே தேர்ந்தெடுப்பார்கள். 1932 பூனா ஒப்பந்தம் விட்டுச்சென்ற ஏற்பாடு இது. திருவில்லிபுத்தூர் தனித் தொகுதியின் வாக்காளர்களுக்கு இதன் உள்ளியக்கத்தை விளக்கத் தேவையில்லை. காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கர் 1,38,137 வாக்குகளும், அரசமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் 1,23,576 வாக்குகளும் பெற்றனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் செல்லாதவையாகத் தள்ளப்பட்டன என்று அவரும், அதே தொகுதியில் தோற்ற சோஷலிஸ்டு அசோக் மேத்தாவும் தேர்தல் மனுத் தாக்கல் செய்தனர். மனு தள்ளுபடியாயிற்று. கூட்டமைப்புக்கு நாடு முழுவதிலும் கிடைத்த மக்களவை இடங்கள் இரண்டே: சோலாப்பூரில் பி.என். ராஜ்போஜ், கரீம்நகரில் எம்.ஆர். கிருஷ்ணா.

1954இல் பண்டாரா இடைத்தேர்தலில் மீண்டும் நின்றார். உடல்நலம் வெகுவாகக் குன்றியிருந்தது. அங்கும் இரண்டு இடங்கள். பொது இடத்தில் அசோக் மேத்தா வென்றார், தனி இடத்தில் அம்பேத்கர் காங்கிரஸ் வேட்பாளர் போர்க்கரிடம் தோற்றார். ஒரே தொகுதி, ஒரே நாள். சாதி இந்துவான ஒருவரைக் காங்கிரஸுக்கு எதிராகத் தேர்ந்தெடுத்த அதே வாக்காளர் தொகுதி, சுயேச்சையான தலித் குரலைத் தேர்ந்தெடுக்கவில்லை. தனித்தொகுதி முறை யாரை அனுப்பும் என்று 1932இலேயே அவர் அஞ்சியது இதைத்தான்.

மாநிலங்களவை உறுப்பினராகவே 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார். மறு ஆண்டு மக்களவைத் தேர்தலில் ந. சிவராஜ் செங்கல்பட்டில் நின்று வென்றார். அதுவும் இரட்டை உறுப்பினர் தொகுதிதான். அக்டோபரில் அம்பேத்கர் திட்டமிட்டிருந்த இந்தியக் குடியரசுக் கட்சி உருவானபோது அதன் முதல் தலைவராகவும் அந்தச் சென்னை வழக்கறிஞரையே தேர்ந்தெடுத்தனர்.